மஞ்சள் தண்ணீர் ஓட்டம்

என் வீட்டுக்காரர் எனக்குப் போட்டது மூன்று முடிச்சு. அதிலும் இரண்டை என் நாத்தனார்தான் போட்டாள். நான் அவருக்காகப் போட்ட முடிச்சுகளுக்குக் கணக்கே கிடையாது. இதை நான் சொல்லிக் காட்டும்போதெல்லாம், உன்னுடையது நட்டும் போல்ட்டும்தானே, கழற்றித் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், நான் போட்டது அப்படியா என்று கேட்பார். வாய் மட்டும் இல்லையென்றால் அவரை எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

வில்லியனூர் தாண்டி விழுப்புரம் சாலையை ஒட்டி, மதகடிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு பால் பானத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். அவர் அதே இடத்தில் வாஷிங் செக்‌ஷன் ஆப்பரேட்டர். பால் ஓடிய பைப்பையும் தொட்டிகளையும் தினமும் கழுவ வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பால் பிசுக்கு போகாது. கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் கரைசலைப் பம்பு வைத்துத் தள்ளி, பைப்பு முழுக்கச் சுற்றவிடுவார்கள். அந்தப் பம்பை நான் கழற்றி மாட்டுவேன். அவர் அதன் பக்கத்தில் நின்று வால்வைத் திறப்பார்.

காஸ்டிக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விரலில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். சோப்புதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தோலைத் தின்ன ஆரம்பித்திருக்கும். அதுவே கொதிக்கும் சூட்டில், பம்பு தள்ளும் வேகத்தில் முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நானும் அவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அப்படி அடிக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு கிளாம்பு.

பம்பின் வாயும் பைப்பின் வாயும் சேரும் இடத்தில் நடுவே ஒரு ரப்பர் வளையம் உட்காரும். அதன் மேல் இரண்டு அரைவட்டத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, இந்தப் பக்கம் ஒரு போல்ட், அந்தப் பக்கம் ஒரு போல்ட் போட்டு இறுக்குவோம். இவ்வளவுதான் கிளாம்பு. பார்க்க ஒன்றுமே இல்லை. புதிதாகச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முழுக்க இறுக்கினால் மறுபக்கம் வாயைப் பிளக்கும். குறைவாக இறுக்கினால் ரப்பர் வெளியே தள்ளும். கூடுதலாக இறுக்கினால் ரப்பர் நசுங்கி அன்றைக்குத் தாங்கும், நாலு நாள் கழித்துப் பழிவாங்கும். அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும்வரை பார்க்க வேண்டும். நடுவில் ரப்பர் சுத்தியலால் கிளாம்பைச் சுற்றி லேசாகத் தட்டினால் அது தன் இடத்தில் சரியாக உட்காரும். கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச். வேண்டிய இறுக்கம் வந்ததும் அது "க்ளிக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். வீட்டில் குக்கர் விசிலைக் கூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை.

எங்கள் கல்யாணமே இந்தக் கிளாம்பு விஷயத்தில் வந்த சண்டையில் தொடங்கியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து வுடும்மா" என்றார். பொம்பளை கையில் பலம் இருக்குமா என்ற சந்தேகம் குரலிலேயே தெரிந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு சுத்துக்கு ரப்பர் போகும், ரப்பர் போனால் உன் மூஞ்சி போகும், எது வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மூஞ்சிதான் வேண்டும் என்றார். அன்றிலிருந்து நான் பம்பைப் பூட்டும்போதெல்லாம் க்ளிக் சத்தம் கேட்கத் தவறாமல் வந்து நிற்பார். சத்தத்துக்கு வந்தவர் நாளடைவில் சத்தம் வராத நேரத்திலும் வந்தார்.

எங்கள் வீட்டில் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள். ஊர் அபிஷேகப்பாக்கம். அவர்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள். கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, அலைச் சத்தம் கேட்கும் தூரம். இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கிருந்து மீன் வருகிறது, இங்கிருந்து அரிசி போகிறது. நாங்கள் அபிஷேகப்பாக்கத்திலேயே குடியிருக்கிறோம். காலையில் ஸ்கூட்டரில் கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும்போது யாருக்கு எந்த வேலை என்று பேசி முடித்துவிடுவோம். தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டால் அவர் எனக்கு ஆப்பரேட்டர், நான் அவருக்கு ஃபிட்டரம்மா.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் மாற்ற வேண்டியிருந்தது. நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். பேனலில் மின்சாரத்தை நிறுத்தி, என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பூட்டோடு தொங்கும் அட்டையில் என் படம் இருக்கும், 'இவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், மின்சாரம் கொடுக்காதே' என்று எழுதியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் பூட்டே தேவையில்லை, மின்சாரம் தானாகவே பயந்து நின்றுவிடும் என்பது அவருடைய ஓயாத கிண்டல். வடிகால் வால்வைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வடித்துவிட்டு, கையுறை கண்ணாடி போட்டுக்கொண்டு கிளாம்பைக் கழற்றினேன். சீல் மாற்றினேன். புது ரப்பர் வைத்தேன். மாற்றி மாற்றி இறுக்கி, தட்டி, க்ளிக் கேட்டு முடித்தேன்.

அதன்பிறகு ஒரு வேலை உண்டு. நட்டின் மேலிருந்து போல்ட் வழியாகக் கிளாம்பு வரைக்கும் வெள்ளை மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவிடுவோம். நட்டு கொஞ்சம் தளர்ந்து திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். நான் இடது கைக்காரி. என் கோடு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது பம்பின் மற்ற பாகங்களில் பிசுக்கு படிந்திருந்தது கண்ணில் பட்டது. நாளைக்குப் பூஜை, இவர் செக்‌ஷன் மட்டும் இப்படிக் கிடக்கிறதே என்று எரிச்சல். மாட்டுத் தொழுவம் இதைவிடத் தேவலை என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டேன். பேக்கிங் பிரிவுப் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சொன்னபடி பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்க அந்தப் பெண்களோடு நான் மதகடிப்பட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். பம்பைச் சுத்தம் செய்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் பின்தங்கினார். பூட்டு பேனலிலேயே இருந்தது. அவர் ஈரத்துணி போட்டுத் துடைக்கும்போது யாரும் பம்பை ஓட்டிவிடக்கூடாதே.

மறுநாள் காலை வாஷிங் செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் அசந்துபோனேன். பம்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னியது. எவர்சில்வருக்குப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார் மனுஷன். அவர்கள் வீட்டில் குத்துவிளக்கைத் தேய்க்கும் முறையாம். தேய்த்து முடித்து விபூதி போட்டு மெருகும் கொடுத்திருக்கிறார். பம்பின் தலையில் மாலை. கிளாம்பு, வால்வு, மோட்டார் எல்லாவற்றிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். பேக்கிங் பெண்கள் சுற்றி நின்று, வீட்டிலும் இப்படித்தான் பாத்திரம் தேய்ப்பாரா என்று என்னைக் கேட்டார்கள். நான் பெருமையை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

பழக்கதோஷத்தில் கிளாம்பைப் பார்த்தேன். சந்தனத்துக்குக் கீழே இரண்டு நட்டிலும் வெள்ளைக் கோடு உடையாமல் நேராக இருந்தது. நேற்று நம் கை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பூஜைப் பொட்டு வைத்த பொருளைத் தொட்டால் கலைந்துவிடும் என்று கை வைக்கவில்லை.

முதலாளி குடும்பத்தோடு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவர் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் பால் வண்டி வருகிறது. அதற்குள் பைப்பு முழுக்கக் கழுவி முடித்திருக்க வேண்டும். காஸ்டிக் தொட்டியைக் காலையிலேயே சூடேற்றச் சொல்லிவிட்டார். சூடம் காட்டியதும் நல்ல நேரத்திலேயே பம்பைப் போட்டு, நேரே காஸ்டிக்கை விட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டால் பூஜையும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. ராகு காலம் தொடங்குவதற்குள் பம்பு ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

சூடம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். முதலாளி கையை நீட்டி என்னிடம் பேனல் சாவியைக் கேட்டார்.

நான் கொடுக்கவில்லை. கழற்றி மாட்டிய பம்பில் முதலில் பச்சைத் தண்ணீர் ஓட்ட வேண்டும். எங்கேயாவது கசிந்தால் பச்சைத் தண்ணீரில் தெரியட்டும். பிறகுதான் சூடு, அதற்குப் பிறகுதான் காஸ்டிக். நான் அதைச் சொன்னேன். நேற்றே ஓட்டியிருக்கலாமே என்றார். நேற்று என்னைப் பொரி வாங்க அனுப்பியது யார் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை சாமி கும்பிட்டுவிட்டு வெறும் தண்ணீரையா ஓட்டுவது, மங்கலமாக இருக்குமா என்று அவர் முகம் சுளித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடிகாரத்தையும் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் புது வேட்டி, புது வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை என்று மாப்பிள்ளை மாதிரி பம்பின் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "குட்த்துடுடி. கோடுதான் நேரா கீதே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்னும் என்னால் அளக்க முடியவில்லை. முதலாளி கேட்கலாம், அவர் நிற்கப்போவது ஏசி அறையில். பம்புக்கு அருகில் நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்கப்போகிற மனிதர் இவர். இவர் மூஞ்சிக்காக நான் முதலாளியோடு மல்லுக்கு நிற்கிறேன், இவரே எனக்கு எதிராகச் சிபாரிசுக்கு வருகிறார். பூஜைத் தட்டில் மஞ்சள் தூள் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துப் பிரித்து, பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே கொட்டினேன்.

"இப்ப இது வெறும் தண்ணி இல்ல சார். மஞ்சத் தண்ணி. மங்கலம்தானே?"

குவாலிட்டி பார்க்கும் பெண் ரப்பரெல்லாம் மஞ்சளாகிவிடும் என்று அலறினாள். காஸ்டிக் ஓடினால் எல்லாம் போய்விடும் என்றேன். முதலாளி என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சரி, சீக்கிரம் ஆகட்டும் என்றார். நான் கோபம் ஆறாமலேயே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து என் வீட்டுக்காரர் முகத்தில் மாட்டினேன். நெற்றிப் பட்டை அழிகிறது என்று முனகினார். அழியட்டும் என்றேன். பூட்டைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் தண்ணீர் வால்வைத் திறந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

பம்பு உறுமி எழுந்தது. பைப்பு நிறையும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி கிளாம்பின் பக்கத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து சீறியது. நான் பொத்தானை அடித்து நிறுத்துவதற்குள் அவர் தலையிலிருந்து வேட்டி வரை நனைந்துவிட்டார்.

பேக்கிங் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமன் பையனுக்குத் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறதே என்றாள் ஒருத்தி. முதலாளி வீட்டம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். அப்போதுதான் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன்.

மஞ்சள் நடுவில் சிவப்பு பூத்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு பட்டை, தோளில் ஒரு பட்டை, கழுத்தோரம் திட்டுத் திட்டாக. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே நின்ற பெண்களும் அதைத்தான் சொன்னார்கள், சாமியே ஆரத்தி எடுத்துவிட்டது என்று. எனக்கு மட்டும் அது ஆரத்தியாகத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு செய்யும் வேலையைச் செய்ய அந்தப் பைப்பில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சூடேற்றி வைத்த காஸ்டிக் தொட்டியின் வால்வு சரியாக மூடாமல், உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்புக்குள் கசிந்திருக்கிறது.

அவரை இழுத்துக்கொண்டு போய் அவசரக் குளியல் குழாயின் கீழ் நிறுத்தினேன். சட்டையை உருவினேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவர் வெட்கப்பட்டார். பார்க்கட்டும் என்றேன். கழுத்தையும் நெஞ்சையும் தேய்க்காமல், தண்ணீரை மட்டும் ஊற்றவிட்டேன். போதும் போதும் என்று அவர் சொல்லியும் விடவில்லை. நல்லவேளை, பைப்பில் ஓடிய அவ்வளவு தண்ணீரில் கலந்த கொஞ்சம் காஸ்டிக்தான். கழுத்தில் லேசாகச் சிவந்து அரித்தது, அவ்வளவே. ஆனால் நான் சாவியைக் கொடுத்திருந்தால் அந்தச் சட்டையில் மஞ்சளே இருந்திருக்காது. சிவப்புத் தெரிந்த இடம், மஞ்சள் தெரிந்த இடம், எல்லா இடத்திலும் கொதிக்கிற காஸ்டிக்தான் அடித்திருக்கும்.

குழாயின் கீழ் நின்றபடியே அவர் சொன்னார்.

"நான்தான்டி கயட்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"கிளாம்புக்குப் பின்னாடி பிசுக்கு கைக்கு எட்டல. கயட்டித் தேச்சிட்டு மாட்னேன். கோடு அழிஞ்சிப் போச்சி. நீ திட்டுவியேன்னு திரும்பப் போட்டேன்."

அந்த நேர்க்கோடு. என் கையால் ஒரு நாளும் வராத நேர்க்கோடு. புளி போட்டுத் தேய்த்ததில் என் கோணல் கோடு போய்விட்டது. கையாலேயே நட்டைத் திருகிவிட்டு, அது நின்ற இடத்தில் அளவெடுத்த மாதிரி ஒரு கோடு இழுத்து, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார் என் புருஷன். அவருக்கு அது நட்டு இறுகியிருப்பதைச் சொல்லும் கோடு இல்லை. நான் போடும் கோலம் மாதிரி ஏதோ ஒன்று. நான் திட்டாமல் இருப்பதற்காக, நான் மெச்சுவதற்காக, தன் நெஞ்சுக்கு நேரே அதைப் போட்டு வைத்திருந்தார்.

எனக்குத் திட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதுவும் ஆகவில்லையே, எதுவும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரைத் துவட்டி, கழுத்துக்கு மருந்து போட்டு, ஸ்டோரிலிருந்து ஒரு யூனிஃபார்ம் வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். காஸ்டிக் தொட்டியின் அடியில் இருந்த பெரிய வால்வையும் மூடி, அதற்கும் ஒரு பூட்டு போட்டேன். பேனலில் மறுபடி என் பூட்டு. வடித்தேன். கழற்றினேன். ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தேன். அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். தட்டினேன். க்ளிக். இன்னொரு க்ளிக். சந்தனம், குங்குமம் எல்லாம் என் கையுறையில் ஒட்டிக்கொண்டன. இடது கையால் கோணலாக ஒரு கோடு இழுத்தேன். இதற்குள் நல்ல நேரம் போய் ராகு காலம் வந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்க்காமல், மறுபடியும் பச்சைத் தண்ணீரே ஓட்டிவிடலாமா என்று அவராகவே கேட்டார். ராகு காலத்திலேயே ஓட்டினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

கசிந்த வால்வை அன்றைக்கே மாற்றினோம். பால் வண்டி வந்தது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, ஒன்றும் முழுகிப் போகவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் மஞ்சள் தண்ணீர்தான் முதலில் ஓடும். மங்கலம் என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்கிறார். சிவப்புத் தெரிந்தால் காஸ்டிக் கசிகிறது என்று எனக்கும் குவாலிட்டிப் பெண்ணுக்கும் தெரியும். அலறிய அதே பெண்தான் இப்போது மஞ்சள் வாங்கியாயிற்றா என்று நினைவுபடுத்துகிறாள். நட்டின் மேல் மட்டும் யாரும் பொட்டு வைப்பதில்லை. என் வீட்டுக்காரர் தன் செக்‌ஷனைத் தேய்ப்பதை விடவில்லை. ஆனால் கிளாம்புக்குப் பின்னால் பிசுக்கு தெரிந்தால் என்னைக் கூப்பிடுகிறார். நானும் பிசுக்கைப் பற்றி நாலு பேர் எதிரில் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன்.

அந்தச் சட்டையை நான் தூக்கிப் போடவில்லை. கறை போகவில்லை, ஆனாலும் வீட்டில் இருக்கும்போது அவர் அதைத்தான் போட்டுக்கொள்கிறார். துவைக்கிற கல்லில் போட்டு நான் சோப்பு தேய்க்கும்போது, மங்கிக் கிடக்கும் மஞ்சளெல்லாம் சட்டென்று சிவப்பாகும். சோப்பிலும் காஸ்டிக்கின் குணம் கொஞ்சம் உண்டு. நெஞ்சு, தோள், கழுத்தோரம் என்று அன்றைக்கு எங்கெங்கே தெறித்ததோ அங்கெல்லாம் அப்படியே எழுந்து வரும். எத்தனை தடவை பார்த்தாலும் கையை வைத்து அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவுவேன். பிறகு தண்ணீர் விட்டு அலசுவேன். அலச அலசச் சிவப்பு போய்த் திரும்ப மஞ்சளாகும்.

போன வாரமும் அப்படித்தான் கல்லருகே நின்றிருந்தேன். அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாடி, ஒரு சட்டைக்கு இம்மா நேரம்? மீன் கொயம்பு ஆறுது."

இதோ வருகிறேன் என்றேன். சிவப்பு முழுக்கப் போகும்வரை இன்னும் ஒரு தடவை அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.